ஸ்லாட் வெளியே வந்தால் போதாது, அங்கேயே நிற்கவும் வேண்டும்

வணக்கம். போன வீடியோவில் பார்த்த அதே தெர்மாகோல் இறக்கைதான், முன்விளிம்பில் மட்டும் புதிதாக ஒரு ஸ்லாட் சேர்த்திருக்கிறேன். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், தரையிறங்கும் முன் பின்பக்கம் ஃபிளாப் என்ற பட்டை இறங்கும்போது முன்பக்கமும் ஒரு பட்டை நழுவி முன்னால் கீழே போகும். அதுதான் ஸ்லாட். ஃபிளாப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அளவுகளுக்கு 30பி30என் என்ற ஆராய்ச்சி மாதிரியை எடுத்துக்கொண்டேன். அதில் ஸ்லாட்டின் நீளம் இறக்கையின் முன்பின் நீளத்தில் 15 சதவீதம், ஸ்லாட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே இடைவெளி 2.95 சதவீதம், சாய்வு 30 டிகிரி. என் இறக்கை 200 மி.மீ., ஆக ஸ்லாட் 30 மி.மீ., இடைவெளி கிட்டத்தட்ட 6 மி.மீ. ஆனால் இவ்வளவு சின்ன இறக்கையில், விசிறிக் காற்றில் அந்த எண்கள் அப்படியே பலிக்காது. அதனால் ஸ்குரூ போகும் துளைகளை நீளமாக வெட்டி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும்படி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இடைவெளி வழியாக வேகமான காற்று பீய்ச்சி, இறக்கை மேல் சோர்ந்துபோன காற்றுக்கு உயிர் கொடுக்கிறது என்று பழைய வீடியோவில் சொன்னேன், பல புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அது சரியல்ல. 1975இல் காற்றியக்க ஆய்வாளர் ஏ.எம்.ஓ. ஸ்மித் இதைத் தெளிவாக எழுதினார்: ஸ்லாட்டைச் சுற்றிய காற்றோட்டம் பின்னால் இருக்கும் இறக்கையின் மூக்கில் காற்று வேகத்தைக் குறைக்கிறது. மூக்கில் உறிஞ்சல் தணிவதால், பின்னால் போகும் காற்று ஏற வேண்டிய அழுத்த மேடு சின்னதாகிவிடுகிறது, காற்றுக்கு எதிரே இறக்கை மூக்கைத் தூக்கி நிற்கும் கோணம் அதிகமானாலும் காற்று இறக்கையை விட்டுப் பிரியாமல் போகிறது. மூக்கை அமைதிப்படுத்துவதுதான் ஸ்லாட்டின் வேலை.

சரி, இப்போது எனக்குத் தூக்கம் போன விஷயம். முதலில் ஒரு சின்ன செர்வோ மோட்டாரை நேராக ஸ்லாட்டில் மாட்டினேன். இறக்கையை 5 டிகிரியில் வைத்து விசிறியைப் போட்டதும் ஸ்லாட் 2 மி.மீ. உள்ளே வந்துவிட்டது. குறைந்த கோணத்தில் காற்று அதை உள்ளே தள்ளும், கோணம் ஏற ஏற உறிஞ்சல் முன்னால் இழுக்கும். இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 இதை வைத்தே, மோட்டார் எதுவும் இல்லாமல், ஸ்லாட்டைத் தானாகத் திறந்து மூடியது.

அதே காற்று 1979 மே 25 அன்று சிகாகோவில் ஒரு டிசி-10 விமானத்தை வீழ்த்தியது. புறப்படும்போதே இடது எஞ்சின் பிய்ந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனது. இடது இறக்கையின் வெளிப்பக்க ஸ்லாட்களைப் பிடித்து நிறுத்த அந்தக் குழாய்களில் இருந்த எண்ணெய் அழுத்தத்தைத் தவிர வேறு பூட்டு இல்லை, காற்று அவற்றை உள்ளே தள்ளிவிட்டது. அந்த இறக்கையின் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் காற்று பிரிந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், 159 நாட் ஆகிவிட்டது. விமானிகளுக்குத் தங்கள் அறையிலிருந்து இறக்கை தெரியாது, எச்சரிக்கைக் கருவிகளுக்கும் மின்சாரம் இல்லை. விதிப்படி வேகத்தை 153 நாட்டுக்குக் குறைத்தார்கள். இடது இறக்கை மட்டும் ஸ்டால் ஆகி விமானம் புரண்டது. உள்ளே இருந்த 271 பேரும் தரையில் 2 பேரும் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு என்னால் அந்த 2 மி.மீ.யைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏர்பஸ் ஏ320இல் ஸ்லாட் 18, 22, 27 டிகிரி என்று நிற்கும். நடுவில் இருக்கும் ஒரே டிரைவ், நீளமான தண்டுகள் வழியாக இரண்டு இறக்கையின் ஸ்லாட்களையும் நகர்த்துகிறது. இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் இறக்கை நுனியில் இருக்கும் பிரேக் தண்டை அப்படியே பூட்டிவிடும்.

அதைப் பார்த்துத்தான் நானும் செர்வோவைக் கழற்றிவிட்டு வார்ம் கியர் போட்டேன். மோட்டார் சுற்றினால் ஸ்லாட் நகரும், ஸ்லாட்டைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள், கட்டைவிரலால் நன்றாக அழுத்துகிறேன். அசையவில்லை. இப்போது விசிறியைப் போடுகிறேன்.