ஃப்ரீட்மேன் பெயருக்குச் சிகாகோவிலேயே ஏன் எதிர்ப்பு?

அடுத்த கேள்வி. "நோபல் பரிசு வாங்கிய பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மேன் பெயரில் மையம் அமைக்க, அவர் பாடம் நடத்திய சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே எதிர்ப்பு வந்ததாமே. பேராசிரியர்கள் இடதுசாரிகள் என்பதாலா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இடதுசாரிகளும் இருந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. 2008 மே மாதம் மில்டன் ஃப்ரீட்மேன் ஆய்வு மையம் பற்றிய அறிவிப்பு வந்தது. 20 கோடி டாலர் திரட்டுவது திட்டம். அதற்கென்று பார்த்த கட்டடம் ஒரு இறையியல் கல்லூரியுடையது. சந்தையையே மதமாக்குகிறார்கள் என்ற கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்! அடுத்த மாதமே நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். சமய வரலாற்றுப் பேராசிரியர் புரூஸ் லிங்கன் முன்னணியில் நின்றார்.

எல்லோரும் சிலியைத்தான் பேசுவார்கள். 1975இல் ஃப்ரீட்மேன் அங்கே போய் ராணுவ சர்வாதிகாரி பினோசேயைச் சந்தித்தார். 1976இல் ஸ்டாக்ஹோமில் பரிசு வாங்கும்போதே அதற்காக எதிர்ப்புக் கிளம்பியது. கோபத்துக்கு அது காரணம், சரி. ஆனால் எனக்கு வலுவாகப் படும் ஆட்சேபணை வேறு. ஒருவருக்குச் சிலை வைத்தால் அது அவர் செய்து முடித்த வேலைக்கு மரியாதை. ஆய்வு மையத்தில் முடிவுகள் இனிமேல்தான் வரவேண்டும். ஃப்ரீட்மேன் 1963இல் அன்னா ஷ்வார்ட்ஸோடு சேர்ந்து அமெரிக்கப் பணவியல் வரலாற்றை எழுதிய அறிஞர். தொலைக்காட்சியில் அரசு தலையிடாத சந்தைக்காக வாதாடியவரும் அவரேதான். பெயர்ப்பலகையில் அறிஞரை மட்டும் தனியாகப் பிரித்து எழுத வழியில்லையே. குறைந்தபட்சக் கூலி பற்றி அங்கிருந்து ஒரு ஆய்வு வந்தால், படிப்பவர் முதலில் முடிவை ஊகிப்பார், அப்புறம்தான் தரவைப் பார்ப்பார். நேர்மையாக உழைத்த ஆய்வாளருக்குத்தான் அது நஷ்டம். இத்தனைக்கும், நிறுவனம் என்ற முறையில் அரசியல் பிரச்சினைகளில் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று 1967இல் கால்வன் அறிக்கை எழுதிவைத்த பல்கலைக்கழகம் இது.

ஆதரித்தவர்கள் இது ஆராய்ச்சிக்கான இடம், பிரச்சார மேடை இல்லை என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மையத்தின் முதல் இயக்குநர் லார்ஸ் பீட்டர் ஹான்சன் கணித முறைகளில் ஊறியவர். 2013இல் அவரும் நோபல் வாங்கினார். சந்தை விலைகள் பற்றி எதிரெதிராகப் பேசும் ஃபாமாவும் ஷில்லரும்தான் அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

கடைசியில் மையம் தொடங்கத்தான் செய்தது. 2011இல், சந்தையை ஆதரித்த இன்னொரு சிகாகோ பொருளியலாளரான கேரி பெக்கர் பெயரில் இருந்த மையத்தோடு இணைந்து பெக்கர் ஃப்ரீட்மேன் ஆய்வு மையம் ஆனது. ஒரு சந்தைவாதியின் பெயரே வேண்டாம் என்றவர்களுக்கு இப்போது இரண்டு பெயர். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.