வீட்டில் செய்த விளையாட்டே பிள்ளைக்கு அருகில் நிற்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளின் கற்றலுக்குப் பெரிதும் துணை நிற்பவை வீட்டில் செய்த விளையாட்டுகளா, கடையில் வாங்கிய விளையாட்டுகளா என்ற தலைப்பில், வீட்டில் செய்தவையே என வழக்காட வந்திருக்கிறேன். வாங்கிய விளையாட்டு வல்லுநர்களின் உழைப்பில் உருவானது, பாதுகாப்புச் சோதனையைக் கடந்தது, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்று எதிரணித் தலைவர் எடுத்துரைத்தார். வல்லுநர் என்ற வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்த வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளைகள் பொதுவாக எதைக் கற்பார்கள் என்பது வல்லுநருக்குத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், உங்கள் மகள் லகரத்தையும் ளகரத்தையும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறாள், ழகரம் வரும் இடத்தில் மட்டும் திணறுகிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கடைப் பெட்டியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றையும் அது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டிலோ, கிளி – கிழி, ஒளி – ஒழி, வாளி – வாழி, உளவு – உழவு எனச் சில இணைகளை இரண்டு படியாக எழுதிக்கொண்டால் போதும். ஒரு படி அட்டைகளைத் தரையில் பரப்பிவிட்டு, மற்றொரு படியிலிருந்து ஒருவர் ஓர் அட்டையை உருவி வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் கேட்ட சொல்லைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு அட்டையும் ஒத்துப்போனால் புள்ளி இருவருக்குமே. படிப்பவர் நாக்கை ஒழுங்காக மடக்காவிட்டால் எடுப்பவர் தவறுவார் என்பதால், திருத்தச் சொல்லி யாரும் அதட்ட வேண்டிய தேவையே எழாமல், விளையாட்டே அவளைத் திருத்துகிறது. கிளியும் கிழியும் எளிதாகிவிட்ட அன்று அந்த அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு வேறு இணைகளை எழுதலாம். அச்சிட்டு விற்ற பெட்டியில் அதற்கு வழியில்லை.

செயலி உடனுக்குடன் சரி, தவறு என்று சொல்லிவிடுகிறதே என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். சொல்லிவிடுகிறது, உண்மைதான். ஆயினும், 'இந்த விடைக்கு எப்படி வந்தாய்?' என்று எதிரே அமர்ந்து கேட்டு, பிள்ளை தன் சிந்தனையைச் சொல்லிமுடிக்கும்வரை பொறுத்திருப்பது மனிதர்களால் ஆகிற காரியம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ராபர்ட் சீக்லர், கீதா ராமானி என்ற இரு உளவியலாளர்கள், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி செல்லும் வயதை எட்டாத பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 2008இல் வெளியிட்டார்கள். அவர்கள் கொடுத்த விளையாட்டு மிக எளியது: ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள், 1 அல்லது 2 காட்டும் ஒரு சுழல்முள், நகர்த்த ஒரு காய். மற்றொரு குழுவுக்கு அதே பலகையில் எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் மட்டும் தரப்பட்டன. இரண்டு வாரங்களில், மொத்தமாகக் கூட்டினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளையாடியதிலேயே எண் பலகைக் குழுவின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. வண்ணப் பலகைக் குழுவிடம் அந்த உயர்வு இல்லை. இதில் நான் மிகவும் மதிப்பது ஒரு சிறு விதியை. காய் 3இல் நிற்கும்போது 2 விழுந்தால் 'ஒன்று, இரண்டு' என எண்ணி நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ளபடி 'நான்கு, ஐந்து' என்று சொல்லியே நகர்த்த வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாகக் காய் கடந்த தூரமும், வாய் சொன்ன சொற்களும், ஆன நேரமும் கூடிக்கொண்டே போவதைப் பிள்ளை உடலால் உணர்கிறது. பத்துக் கட்டம் வரைய ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் போதும். மடித்த இரண்டு சீட்டுகளில் 1, 2 என்று எழுதிவிட்டால் சுழல்முள்ளும் தேவையில்லை. பயன் தந்தது எண்வரிசையும், பக்கத்தில் அமர்ந்து அந்த விதியைக் காத்த ஒருவரும்தான். அந்த ஒருவரை எந்தப் பெட்டியில் அடைத்து விற்பார்கள்?

எதிரணியினர் பெருமையாகக் குறிப்பிட்ட, பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கும் உப்புத்தாள் எழுத்துகளின் பிறப்பையும் அவைக்கு நினைவூட்ட வேண்டும். 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, மரத்தில் எழுத்துகளைச் செய்துதர ஆள் கிடைக்காத நிலையில், தாளில் வெட்டிய எழுத்துகளையும், உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளையும் பயன்படுத்தினார். அதற்கும் முன்பே, 1740களில், ஜேன் ஜான்சன் என்ற இங்கிலாந்துத் தாய் தம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்பிக்கத் தம் கையாலேயே செய்த நூற்றுக்கணக்கான சிறு அட்டைகள் இன்று அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

செய்வதில் பிள்ளையும் சேரும்போதுதான் இதன் முழுப் பயன் தெரியும். 12 உயிரெழுத்துகளுக்கு ஒரு வட்டு, 18 மெய்யெழுத்துகளுக்கு அதைவிடப் பெரிய ஒரு வட்டு, இரண்டையும் நடுவில் கோத்துச் சுழற்றினால் 216 உயிர்மெய்யும் பிறக்கும். வட்டத்தைப் பன்னிரண்டாக எப்படிப் பிரிப்பது? பாதியாக மடித்து, மீண்டும் பாதியாக மடித்து, கிடைத்த கால் பங்கை மூன்றாக மடிக்க வேண்டும். பதினெட்டுக்கு அந்த வழி உதவாது. பாதியாக்கி, அதை மூன்றாக்கி, மீண்டும் மூன்றாக்க வேண்டும். எழுத்து கற்க உட்கார்ந்த பிள்ளை பின்னத்தைக் கையால் தொட்டுவிடுகிறது. பின்பு, நின்ற எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று விளையாடத் தொடங்கினால், ழகரத்திலும் ணகரத்திலும் எவ்வளவு தேடியும் சொல் அகப்படாது. மொழிக்கு முதலில் வராத எழுத்துகள் என்று இலக்கணம் சொல்வதைப் பிள்ளை தானே கண்டுகொண்டு, 'சொல்லின் நடுவில் வந்தாலும் புள்ளி உண்டு என்று விதியை மாற்றிக்கொள்ளலாமா?' என்று கேட்கிறது. பிள்ளை விதியை ஆராய்ந்து மாற்றக் கேட்கும் அந்தக் கணத்துக்காகவே நான் இந்த அணியில் நிற்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி எதிரணி சொன்னதை மதித்து ஏற்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடும் சிறு துண்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. அதே அளவில் ஒரு காகிதக் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு நாம் செய்யும் ஒவ்வொரு காயையும் அதில் போட்டுப் பார்ப்போம். மணி, பொத்தான், காந்தம், பொத்தான் வடிவ மின்கலம் ஆகியவற்றை அந்த வயதுப் பிள்ளைகளின் அருகிலேயே கொண்டுபோகாமல் இருப்போம்.

நேரமில்லை என்ற குறைக்கும், அட்டை சீக்கிரம் கிழிந்துபோகும் என்ற குறைக்கும் என் மறுமொழி ஒன்றே. பத்துக் கட்டம் வரையச் சில நிமிடங்கள் போதும். அது கிழிவதற்குள் பிள்ளை பத்தைக் கடந்திருக்கும். அடுத்த பலகையில் 20 வரை கோடு போட வேண்டியிருக்கும், அந்தக் கோட்டைப் பிள்ளையே போடும். நடுவர் அவர்கள் இதைக் கருதித் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.