மணல் மேடும் நல்ல தண்ணீரும்

அவைத் தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

மலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் மலைக்கு எங்கே போவது? நமக்கு வாய்த்தது இராமேசுவரத்துக் கெந்தமாதன பர்வதம். கோயிலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், ஒரு மணல் குன்று. ஆனாலும் தீவில் அதுதான் உயரமான இடம். மேலே இரண்டடுக்கு மண்டபம், உள்ளே இராமர் பாதம். ஏறி நின்றால் கடலும், 323 மீட்டர் டி.வி. கோபுரமும் தெரியும். வருகிறவர்கள் கும்பிடுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். காலுக்குக் கீழே இருக்கிற மணலை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அந்த மணலைப் பற்றித்தான் பேச்சு.

மணல் மேட்டில் மழை பெய்தால் ஓடாது, அப்படியே இறங்கிவிடும். இறங்கிய நல்ல தண்ணீர் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரோடு சட்டென்று கலப்பதில்லை. கடல்நீர் கனம் கூடியது என்பதால் நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கணக்கு என்ன தெரியுமா? மணலுக்குள் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் பெண்கள் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் கூப்பிடு தூரத்தில்தான். மணலைக் கையால் பறித்துவிட்டுக் காத்திருப்பார்கள். தண்ணீர் மெள்ளச் சுரக்கும். கலக்காமல் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டமாட்டார்கள், தோண்டினால் உப்பு ஏறிவிடும். இந்த அறிவு ஆழ்துளைக் கிணறு போடுகிற நமக்குத்தான் இல்லை! மோட்டாரைப் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, கீழிருந்து உப்பு மேலே வருகிறது.

சரி, மேட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? அடம்புக்கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைத் தைத்துக்கொண்டே போகும். அப்புறம் இராவணன் மீசை என்கிற புல். இலை நுனி ஊசி மாதிரி குத்தும், காய்ந்த முள்ளுருண்டை காற்றில் உருண்டோடும். இராமர் பாதம் இருக்கிற தீவில் மணலைக் காப்பவன் இராவணன், பாருங்கள்! (சிரிப்பு) உடை மரமும் பனையும் இவற்றுக்குப் பின்னால் வருபவை. முன்வரிசைக் கொடியை அழித்துவிட்டால் காற்று மேட்டை நகர்த்தத் தொடங்கிவிடும்.

மணல் லாரிக்கும் இதுதான் பதில். மேட்டை வெட்டினால் மழையைத் தாங்கும் இடம் குறைகிறது, நீர்மட்டம் இறங்குகிறது. மேலே 1 அடி போனால் கீழே 40 அடி போயிற்று. "ஒரு மூலையில்தானே அள்ளுகிறோம்" என்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், வெட்டிய இடங்களில் அடம்புத் துண்டுகளைப் புதைத்து வைப்போம். கொடித் துண்டு சும்மாவே கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை வேலை. ஆடுகளை மட்டும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பெரியவர்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.