வீட்டுக்கு வீடு வாசப்படி, குடும்ப ஆலோசகர் வீட்டுக்கும்தான்

(குடும்ப நல ஆலோசகர்களுக்கான பயிற்சி முகாமின் முதல் நாளில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, இந்த வெயிலிலும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, சமூகப்பணித் துறைத் தலைவர் அவர்களே, சமூக நலத்துறையிலிருந்து வந்திருக்கும் அலுவலர் அம்மா அவர்களே, லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே. நீதிபதி ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் குடும்ப நீதிமன்றத்தில் இருந்த காலத்தில், ஜீவனாம்ச வழக்குக்குக் கைக்குழந்தையோடு வந்த பெண்கள் வராந்தாவில் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக அங்கே பெஞ்சு போடச் சொன்னவர். அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதல்வர் அம்மாவும் இந்த அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு, மதியச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். இருவருக்கும் என் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். ஒருவரைத் தனியாகப் பார்க்காமல் குடும்பம் முழுவதையும் ஒரே அமைப்பாகப் பார்க்கும் குடும்ப அமைப்புக் கோட்பாடு எங்கே பிறந்தது, அதில் பயிற்சி எப்படி நடக்கிறது, அப்புறம் மூத்தவர் இளையவர் என்று உடன்பிறந்தோர் வரிசை நம் குணத்தை எப்படி ஆக்குகிறது.

இந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர் மர்ரே போவன் என்று ஒரு மனநல மருத்துவர். 1913ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வேவர்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1954ல் வாஷிங்டன் பக்கத்தில் பெதஸ்டா என்ற ஊரிலிருக்கும் தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு ஆய்வு தொடங்கினார். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் வந்த பிள்ளையோடு தாயையும், பிறகு தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் சேர்த்து ஆஸ்பத்திரி வார்டிலேயே குடிவைத்துப் பார்த்தார். நோய் ஒருவருக்குத்தான், ஆனால் பதற்றம் வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது அங்கே அவர் கண்ணில் பட்டது. ஒருவர் அமைதியானால் இன்னொருவர் படபடக்கிறார், இருவருக்குள் உரசல் வந்தால் மூன்றாவது ஆள் நடுவில் இழுக்கப்படுகிறார். இந்த மூன்றாவது ஆள் கதைக்குத்தான் முக்கோணம் என்று பெயர்.

ஏறக்குறைய அதே 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் அந்தக் காலத்திலேயே, குடும்பத்தார் ஒருவர் கூடத் தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது. குடும்பத்தை உள்ளே அழைக்கும் யோசனையை அமெரிக்காவிலிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

போவன் 1959ல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பயிற்சி என்று நான் சொல்வது அங்கே உருவானதுதான். 1967ல் பிலடெல்பியாவில் குடும்ப சிகிச்சையாளர்களின் பெரிய கூட்டம். கோட்பாட்டைப் பற்றிக் கட்டுரை படிக்க வேண்டியவர், அதை வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். ஊரில் அண்ணன் தம்பிகளுக்குள்ளும் அம்மாவைச் சுற்றியும் கிடந்த முக்கோணங்களில் இவரும் சிக்கிக்கிடந்தார். என்ன செய்தார்? உன்னைப் பற்றி என் காதுக்கு இப்படி ஒரு பேச்சு வந்தது என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, நேரில் போய் நின்றார். எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். இவர் யார் பக்கமும் சாயவில்லை, கோபித்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. 1972ல் அந்தக் கட்டுரை அச்சானபோது ஆசிரியர் பெயரே போடாமல் வந்தது. வீட்டுக்கு வீடு வாசப்படி என்று நாம் சொல்வது, அந்தத் துறையின் பெரிய மனிதர் வீட்டுக்கும் பொருந்தியது.

அதற்குப் பிறகு அவர் கவனித்ததுதான் எனக்கு முக்கியம். அவரிடம் படித்த இளம் மருத்துவர்களில், ஊருக்குப் போய்த் தங்கள் சொந்தக் குடும்பத்தில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள், சிகிச்சை அறையிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதனால் அங்கே பயிற்சி என்றால் பாடம் கேட்பது மட்டும் இல்லை. வெளியூர்க்காரர்கள் ஆண்டுக்குச் சில முறை வந்து கூடுவார்கள். நடுவில் உள்ள மாதங்களில் யார் யாருக்கு என்ன உறவு, யாருக்குள் நெருக்கம், யாருக்குள் உரசல் என்று காட்டும் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைந்து, பேச்சுவார்த்தை அறுந்துபோன சித்தப்பாவைத் தேடிப் போய்ப் பேசி, அதில் என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும். கூடவே கேஸ்களுக்கு சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ளவர் ஒருவரிடம் கேஸைச் சொல்லி வழிகாட்டல் பெறுவது.

இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தங்கை, அடையாளம் வேண்டாம், கவுன்சலிங் மையத்தில் வேலை. கெட்டிக்காரப் பெண். ஆனால் மாமியார் மருமகள் கேஸ் வந்தால் மட்டும் அவளுக்கு முகம் மாறிவிடும், மருமகளை உட்கார வைத்து அறிவுரை ஆரம்பித்துவிடுவாள். குடும்பப் படம் போடச் சொன்னேன். போட்டாள். வீட்டுக்கு மூத்த பெண், அடுத்து ஒரு தம்பி. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா போன் பண்ணி, தம்பி பெண்டாட்டி இன்றைக்கு என்ன செய்தாள், குழம்பில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாள் என்று ஒப்பிப்பார். இவள் கேட்டுக்கொண்டு, பிறகு தம்பிக்குப் போன் போட்டுத் திட்டுவாள். முக்கோணத்தின் மூன்றாவது முனையில் இருப்பது யார் என்று படமே காட்டிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். அம்மா வழக்கம்போல ஆரம்பித்ததும், "அம்மா, அதை நீ தம்பிகிட்டயே சொல்லு. எனக்கு உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு சொல்லு" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவள் ஊர் திரும்பிய மறுநாள் பெரியம்மாவிடமிருந்து போன். "என்னடி, படிச்ச திமிரா? உங்கம்மா சாப்பிடாம கெடக்குறா." அடுத்து மாமா. அடுத்து தம்பியே பேசினான், அக்கா நீ பழைய மாதிரியே இரு, அம்மா இப்போ நேரா என்கிட்ட வர்றாங்க, என்னால முடியல என்று! இங்கே சிரிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் போன் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதையும் போவன் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் தன் இடத்தை மாற்றினால் குடும்பம் மூன்று படியாகப் பதில் சொல்லும். நீ செய்வது தப்பு, பழையபடி மாறு, மாறாவிட்டால் பார். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் திரும்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் கோபத்தில் உறவை அறுத்துக்கொள்வார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை. தினமும் அவளே அம்மாவுக்குப் போன் செய்தாள். கோயில், மழை, முழங்கால் எல்லாம் பேசினாள், மருமகள் பேச்சு வந்தால் மட்டும் "அது உங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். சில மாதத்தில் அம்மாவும் மருமகளும் நேருக்கு நேர் ஒரு பெரிய சண்டை போட்டு, பிறகு ஒரு மாதிரி ஒத்துப்போனார்கள். மையத்தில் அவள் முன்னால் மருமகள்கள் வாய் திறந்து பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இது கூட்டுக் குடும்பத்தை உடைக்கிற மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. உடன்பட மாட்டேன். போவன் சொல்கிற, தன்னை வேறுபடுத்திக்கொள்வது என்றால் தனிக்குடித்தனம் போவது இல்லை, அதே கூடத்தில் உட்கார்ந்து தன் கருத்தோடு இருக்க முடிவது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடி விழுகிற வீட்டில் நடுநிலை என்று பேசக் கூடாது. பெண்ணின் பாதுகாப்பு முதலில், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. இந்தக் கோட்பாடு அதிகாரத்தைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்று பெண்ணியவாதிகள் வைத்த விமர்சனம் சரியானது, அதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.

இப்போது நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயம். நீதிபதி ஐயா முன்னால் இதைச் சொல்லக் கிடைத்தது என் பாக்கியம். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆறாவது பிரிவு கவுன்சிலர்களுக்கு, அதாவது ஆலோசகர்களுக்கு, இடம் கொடுக்கிறது. அந்த அறைக்கு ஒரு தம்பதி வரும்போது இருபது வருஷத்துப் பகையோடு வருகிறார்கள், இரண்டு பக்கமும் கவுன்சிலரைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும். அங்கே உட்கார்கிறவருக்கு மூன்று நாள் பயிலரங்குச் சான்றிதழ் போதுமா? வீட்டுக்கு வீடு வாசப்படி, அதில் எதில் தான் தடுக்கி விழுகிறோம் என்று தெரியாதவர் இன்னொரு வீட்டுக்குள் எப்படி நுழைவார்? நான் கேட்பது பெரிய பணம் பிடிக்கும் காரியம் இல்லை. ஒரு வருஷப் பயிற்சி, அதில் சொந்தக் குடும்பப் படிப்பு கட்டாயம், அந்தக் குடும்பப் படம் யாருடைய கோப்பிலும் போகாது என்ற உறுதி, வேலையில் சேர்ந்த பிறகு மாதம் ஒரு முறை அனுபவமுள்ளவரிடம் சூப்பர்விஷன். கேஸ் எண்ணிக்கையை வைத்து மட்டும் கவுன்சிலரை எடைபோடுவதையும் நிறுத்த வேண்டும். தம்பதிகளைச் சேர்த்துவைத்த கணக்குக்காக ஒரு பெண்ணைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிற அவலம் அதில்தான் தொடங்குகிறது.

உடன்பிறந்தோர் வரிசை பற்றி, வால்டர் டோமன் என்ற ஆஸ்திரிய உளவியலாளரின் வேலையை போவன் எடுத்துக்கொண்டது பற்றி, இன்று பேச நேரமில்லை. துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளை மதிய அமர்வில் வைத்துக்கொள்ளலாம். பயிற்சி பற்றி நான் கேட்டதையெல்லாம் எழுதிய கோரிக்கை மனுவின் நகல்கள் பின்பக்க மேசையில் இருக்கின்றன. முழுக்கப் படித்துவிட்டு, உடன்பாடு இருப்பவர்கள் கையெழுத்துப் போடுங்கள், மாற்றம் வேண்டும் என்றால் ஓரத்தில் எழுதுங்கள். அலுவலர் அம்மா இன்று மாலையே ஒரு பிரதியை எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மணிக்கு எல்லோரும் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாட்டி தாத்தா பெயரிலிருந்து படம் போடத் தொடங்குவோம். வணக்கம்.