வகுப்பறை வாசலில் நின்ற கேமரா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாட்டின் கடந்த காலத்தைக் கட்டடம் ஒன்றின் வழியே சொல்ல முனையும் ஆவணப்பட இயக்குநர்கள் பெரும்பாலும் அரண்மனையையோ நாடாளுமன்றத்தையோ தேடிப் போவார்கள். கம்போடியாவின் ரித்தி பான் தேடிப் போனது ஒரு பள்ளிக்கூடத்தை. நோம் பென் நகரில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த அந்த உயர்நிலைப் பள்ளியைத்தான், 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகரைக் கைப்பற்றி ஆட்சியமைத்த கெமர் ரூஜ் என்னும் கம்யூனிச இயக்கத்தின் படையினர் பின்னர் எஸ்-21 என்னும் இரகசியச் சிறையாக மாற்றினார்கள். வகுப்பறைக்குள் செங்கல் சுவர்களை எழுப்பி, ஓர் ஆள் படுக்குமளவுக்கே இடமுள்ள கொட்டடிகளாகத் தடுத்தார்கள். கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் சாகவும் முடியாதபடி தாழ்வாரத்தை முள்கம்பியால் மூடினார்கள். இச்சிறையால் உயிரிழந்தோர் குறைந்தது 12,272 பேர் என்று பின்னாளில் நீதிமன்றம் கண்டறிந்தது.

அந்த ஆட்சியில் பெற்றோரை இழந்து, 1979-இல் தாய்லாந்து எல்லைக்குத் தப்பி, பின்பு பிரான்சில் வளர்ந்தவர் ரித்தி பான். கைதிகள் ஒவ்வொருவரையும் சிறை நிர்வாகமே எடுத்துவைத்த புகைப்படங்களை வரிசையாகக் காட்டியிருந்தாலே அவருக்கு ஒரு படம் கிடைத்திருக்கும். 2003-இல் வெளியான ‘எஸ்-21: கெமர் ரூஜ் கொலை இயந்திரம்’ என்னும் தம் படத்துக்கு அவர் அதைவிடக் கடினமான வழியைத் தேர்ந்தார்: அங்கே காவல் காத்தவர்களையே அக்கட்டடத்துக்குத் திரும்ப அழைத்துவந்தார். கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உருவத்தை வரைந்து கொடுத்ததால் உயிர் பிழைத்த ஓவியர் வான் நாத், அவர்கள் எதிரில் அமர்ந்து, ஆத்திரப்படாமல், நீங்களும் பலியானவர்கள்தாம் என்றால் இங்கே செத்தவர்கள் யார் என்னும் பொருள்படக் கேட்கிறார். கட்டளைக்குப் பணியாவிட்டால் எங்களைக் கொன்றிருப்பார்கள் என்பதற்கு மேல் அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால், வாயால் சொல்லும்போது தடுமாறும் காவலர் ஒருவர், அன்று செய்ததைச் செய்துகாட்டத் தொடங்கியதும் தடுமாறுவதில்லை. யாருமற்ற அறையின் கதவைத் திறக்கிறார், எழுந்திருக்காதே என்று வெறுந்தரையை அதட்டுகிறார், தண்ணீர் கொண்டுபோகிறார். சொற்கள் மறைத்ததை அவருடைய கைகளும் கால்களும் மறக்கவில்லை. அவற்றைப் பேசவைக்க அந்தக் கட்டடமே தேவைப்பட்டது என்பது என் எண்ணம். வேறொரு அரங்கில் இது வெறும் நடிப்பாகப் போயிருக்கும்.

இக்காட்சியில் கேமரா அவரைப் பின்தொடர்ந்து உள்ளே போகவில்லை என்பதை முதன்முறை பார்த்தபோது நான் கவனிக்கவில்லை. தரை முழுவதும் வரிசையாக மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்த அறை அது. உள்ளே கால் வைத்தால் அவர்கள்மீதுதான் வைக்க வேண்டும். காவலர் தயங்காமல் நடக்கிறார். கேமரா வாசலிலேயே நின்றுவிடுகிறது.