பல்புக்குச் சட்டம் போடலாமா?

வணக்கம் நேயர்களே. வீட்டில் எந்த பல்பை எரிப்பது என்பதில் அரசாங்கம் தலையிடலாமா? தலையிடலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் இப்போது இருப்பதைப்போல அரைகுறையாக அல்ல.

பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்துதான் ஒளி தருகிறது. அது இழுக்கும் மின்சாரத்தில் வெளிச்சமாவது நூற்றில் பத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வெறும் சூடு. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 8, 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது.

அப்படியானால் மக்கள் தாங்களே மாறிவிடுவார்களே, சட்டம் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் வாடகை வீடுகளை நினைத்துப் பாருங்கள். பல பல்புகளை மாட்டுகிறவர் வீட்டுக்காரர், கரண்ட் பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். மட்டமான பல்பு போட்டால் லாபம் ஒருவருக்கு, தண்டம் இன்னொருவருக்கு. அப்புறம், பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிகிறது. அந்தச் சில மணி நேரத் தேவைக்காகவே கூடுதல் மின் உற்பத்தியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவு எல்லார் தலையிலும் விழுகிறது.

ஆனால் சட்டமும் சறுக்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பில் தொடங்கி, 2012க்குள் மற்றவற்றையும் படிப்படியாக விலக்கியது. அப்போது வீட்டுக்கேற்ற எல்.இ.டி. பல்புகளின் விலை கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்தில் சுருள் குழாய் போன்ற சி.எஃப்.எல். பல்பு வந்து உட்கார்ந்துகொண்டது. போட்டதும் மங்கலாக எரியும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்குப் பெரும்பாலும் ஒத்துவராது, உள்ளே கொஞ்சம் பாதரசம் வேறு. மக்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஜெர்மனியில் ஒருவர் 2010இல் குண்டு பல்புகளைக் 'குட்டி ஹீட்டர்' என்று சொல்லி விற்கவே தொடங்கினார்! அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தானே போகிறது. அதிகாரிகள் ரசிக்கவில்லை, விற்பனையைத் தடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் முழு அமலுக்கு வந்த விதி, எந்தத் தொழில்நுட்பம் என்று பார்ப்பதில்லை. வாட்டுக்குக் குறைந்தது 45 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும், அவ்வளவுதான். சாதாரண எல்.இ.டி. பல்பே அதை எளிதில் தாண்டிவிடும். மாற்றுப் பொருள் கைக்கு எட்டிய பிறகு வந்ததால் பெரிய கூச்சல் இல்லை.

சரி, இனி அரசு எதைக் கவனிக்க வேண்டும்? செத்துப்போன எல்.இ.டி. பல்பு ஒன்றின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒளி தரும் மஞ்சள் சில்லுகளில் ஏதாவது ஒன்றில் மட்டும் கறுப்புப் புள்ளி இருக்கும். மற்றவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாம் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் ஒன்று போனாலே பல்பு அவுட். இல்லையென்றால் சில்லுகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும், பின்னால் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டில் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) உப்பியிருக்கும். சூட்டை வெளியேற்றும் அலுமினியத்தில் மிச்சம் பிடித்து, சில்லுகளுக்கு அதிக மின்னோட்டம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். பெட்டியின்மேல் மட்டும் 25,000 மணி நேரம் என்று அச்சடித்திருப்பார்கள்.

செல்போன் கேமராவை எரியும் எல்.இ.டி. பல்பின் பக்கம் திருப்பினால் சில பல்புகளில் திரையெங்கும் கோடுகள் ஓடும். அது சிமிட்டல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும்.

இதையெல்லாம் கடையில் நின்று வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாது. அரசால் முடியும். கடைகளிலிருந்து பல்புகளை எடுத்து ஆயுள், சிமிட்டல், லூமென் மூன்றையும் சோதிக்கட்டும், தேறாத பல்புகளின் பெயரை வெளியிடட்டும். ஓவனுக்குள் எரியும் பல்பு போன்றவற்றுக்கு விலக்கு கொடுக்கட்டும், அங்கே எல்.இ.டி. தாங்காது. குண்டு பல்பை மட்டும் விலக்கிவிட்டு இதைச் செய்யாமல் விட்டால், மிச்சமான மின்சாரக் காசை மக்கள் அடிக்கடி புது பல்பு வாங்கியே தொலைப்பார்கள்.

நன்றி, வணக்கம்.