வெள்ளைத் திரைக்குள் ஒரு முழுப் படம்: ஹிரோஷி சுகிமோட்டோவின் ஒளிப்படங்கள்

[திரையில்: பழைய அமெரிக்கத் திரையரங்கு ஒன்றின் உட்புறம், கறுப்பு வெள்ளையில்]

வேலைப்பாடு மிகுந்த கூரை, வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள், நடுவில் வெண்ணிறமாக ஒளிரும் திரை. முதன்முறை பார்ப்பவர்கள், திரையில் எதுவும் ஓடவில்லை என்றே நினைப்பார்கள். ஆனால் ஒரு முழுநீளத் திரைப்படம், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை, அந்த வெண்மைக்குள் அடங்கியிருக்கிறது.

இதை எடுத்தவர் 1948-இல் டோக்கியோவில் பிறந்த ஹிரோஷி சுகிமோட்டோ. 1970-இல் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒளிப்படக் கலை பயின்று, 1974-இல் நியூயார்க்கில் குடியேறியவர். ஒரு முழுத் திரைப்படத்தையும் ஒரே ஒளிப்படமாக எடுத்தால் என்ன தெரியும் என்ற கேள்வி அங்கே அவருக்குள் எழுந்தது. பெரிய கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலிவான திரையரங்கு ஒன்றுக்குள் சென்றவர், படம் தொடங்கியதும் கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரைத் திறந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் படம் முடிந்த பிறகுதான் மூடினார். அன்று மாலையே ஃபிலிமைக் கழுவியும் பார்த்தார்.

ஃபிலிமில் ஓடும் படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனி நிழற்படங்கள், என்றால், இரண்டு மணி நேரத்துக்கு 1,72,800 சட்டங்கள். அத்தனை முகங்களும் மழையும் சண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியில் ஒளி மட்டுமே மிஞ்சுகிறது.

[திரையில்: அதே படம், திரையின் ஓரத்துக்கு மெல்ல நெருங்கிச் செல்கிறது]

இப்போது திரையை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். தூணின் விளிம்பும், கூரையின் பூவேலையும், முன்வரிசை இருக்கைகளின் முதுகும் துலங்கித் தெரிவது திரையிலிருந்து திரும்பி வந்த ஒளியால்தான். கதையைப் பார்க்க வந்தவர்கள் கவனிக்காமல் விட்ட கட்டடத்தை அந்தக் கதையின் வெளிச்சமே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. இந்தப் படங்களில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைப்பது இந்த இடம்தான்.

கண்ணிமைக்கும் நேரத்தில் எடுப்பதுதான் ஒளிப்படம் என்று பழகிய நமக்கு, இத்தகைய படங்களின் முன் சற்று நின்று, இதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றினாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

அவருடைய பார்வை எப்படிப்பட்டது என்பதை 1976-இல் அவர் தொடங்கிய இன்னொரு வரிசை நன்றாகக் காட்டும். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பாடம்செய்த விலங்குகளை, ஓவியமாகத் தீட்டிய பின்னணியின் முன் நிறுத்தி, கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது ஆழம் மறைந்து அவை மெய்யாகவே தோன்றின என்பது அவர் கண்டுகொண்ட சங்கதி. கேமராவுக்கும் ஒரே கண்தானே! பனிக்கரடி தன் இரையின் முன் நிற்கும் அந்தப் படத்தை, ஆர்க்டிக்கில் உயிரைப் பணயம் வைத்து எடுத்ததாகவே நம்பத் தோன்றும்.

[திரையில்: கடலும் வானும்]

1980-இல் தொடங்கிய கடற்படங்களில் அடிவானம் சட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. கப்பலோ கரையோ பறவையோ இல்லை. தலைப்பில் கடலின் பெயரும் இடமும் மட்டும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்ததுபோல் தோன்றினாலும், ஒன்றில் அலைகளின் சிறு மடிப்புகளைக்கூட எண்ணலாம், இன்னொன்றில் மூடுபனியில் கடல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இவற்றைக் கைபேசியில் பார்த்து முடிவுகட்டிவிடாதீர்கள். 8-க்கு 10 அங்குல ஃபிலிமில் பதிவான நுண்மை, பெரிய அச்சின் எதிரே நிற்கும்போதுதான் பிடிபடும்.

[திரையில்: திறந்தவெளித் திரையரங்கு, இரவு]

கடைசியாக, 1993-இல் எடுத்த திறந்தவெளித் திரையரங்குப் படம். இங்கும் திரை வெண்மையாகவே இருக்கிறது, ஆனால் மேலே கூரை இல்லை. படம் ஓடிய நேரமெல்லாம் ஷட்டர் திறந்தே இருந்ததால், கடந்து சென்ற விமானங்களின் விளக்குகளும் நகர்ந்த விண்மீன்களும் இருண்ட வானத்தில் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கின்றன.